கட்டை விரல் கமிஷன்

அன்று காலையில் சூப்பர்வைசருக்குச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வயிறு காரணமில்லை. வயிற்றின் கதையே வேறு, அதற்கு பெல்ட் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வலது கைக் கட்டை விரல்தான் மடங்க மறுத்தது. மடக்கினால் ‘டக்’. நிமிர்த்தினால் இன்னொரு ‘டக்’. வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்கூட அத்தனை சத்தம் போட்டதில்லை.

அவருக்கு லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. ஊரையே மேலே ஏற்றி இறக்கும் உத்தியோகம். ஆனால் அவர் மட்டும் பல வருஷமாக ஒரே தளத்தில் நின்றிருந்தார். அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகக் கம்பெனி அவருக்கு ஒரு போன் கொடுத்தது. பதவி உயர்வு கேட்டவர் வாயில் போனை வைத்து அடைத்தார்கள் என்று அவர் மனைவி சொல்வாள். அவர் அதைக் காதில் வாங்கியதில்லை. காதிலும் போன் இருந்தது.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங் எதிராளி கையில் இருக்கும், பிரேக் அவள் காலடியில் இருக்கும். வண்டி சுவரைப் பார்த்துப் போனாலும், “பரவாயில்ல, மெதுவா, அப்படியே லெஃப்ட்ல திருப்புங்க” என்பாள். குரல் ஏறாது. இருபக்கமும் பார்க்காமல் எதுவும் செய்ய மாட்டாள். இப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்துகிற மனிதர் கொஞ்சம் உஷாராக இருந்திருக்கலாம்.

அவளே பொத்தான்களைப் போட்டுவிட்டு, அவளே டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் விரலைப் பிடித்து மடக்கினார். விரல் ‘டக்’ என்றது. சூப்பர்வைசர் “ஐயோ” என்றார்.

“போன் நிறையப் பார்ப்பீங்களோ?”

“என் போனை நான் தொடுறதே இல்ல டாக்டர். இது ஆபீஸ் போன்.”

“விரல் யாரோடது?”

“என்னோடது.”

“அப்ப கொஞ்ச நாள் போனைத் தள்ளி வைங்க. வெந்நீர்ல விரலை முக்கி எடுங்க. சரியாப் போயிடும்.”

சரியாகப் போய்விடும் என்று டாக்டர் சொன்னதில் சூப்பர்வைசருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு வலிக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பெயராக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வீடு திரும்பும்போது மனைவி கார் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் எதையோ தட்டிக்கொண்டே சபதம் செய்தார்.

“இதை நான் சும்மா விடப்போறதில்ல.”

“எதை?”

“ஆபீஸை! போன் குடுத்தது யாரு? ஆபீஸ். நம்பர் குடுத்தது யாரு? ஆபீஸ். சார்ஜர் குடுத்தது?”

“ஆபீஸ்தான். விரல் மட்டுந்தான் நம்ம வீட்டுலேருந்து போனது.”

“கிண்டல் பண்ணாத. இது பணியில் காயம். ஒரு பொறுப்பான ஆளுக்கு வந்த கதியைப் பாரு.”

“பொறுப்பு உங்களுக்கு. பொறுக்கிறது நானு.”

“நாளைக்கே மேனேஜரைப் பார்த்து நேருக்கு நேர் கேட்கப்போறேன். என் விரலுக்கு யார் பொறுப்புன்னு.”

“சரிங்க. கேட்டுடுங்க.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதற்கும் முதல் தடவையிலேயே ‘சரி’ சொன்னதில்லை. அந்த இடத்தில் அவர் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அப்போது திரையில் ஒரு பதில் வந்து விழுந்தது. பதிலுக்குப் பதில் போட வேண்டிய கடமை அவருக்கு இருந்தது.

அந்தக் கடமை எப்படி நடந்தது என்பதை அன்று சாயங்காலமே பார்த்திருக்கலாம். மனைவி டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஆள்காட்டி விரலால் மெக்கானிக்குகளின் குரூப்பில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். ‘நாளை அனைவரும் எண்ணெய் டப்பாவுடன் வரவும்.’ சற்று நேரம் காத்திருந்தார். ‘மேற்கண்டதைப் படித்தீர்களா?’ இன்னும் சற்று நேரம். ‘படித்தவர்கள் பதில் போடவும்.’ பதில்கள் வர ஆரம்பித்தன. ‘பதில் போட்டவர்களுக்கு நன்றி.’ அப்புறம், ‘போடாதவர்கள் கவனத்திற்கு.’ அந்தக் கவனத்துக்கும் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வணக்கக் கை.

“பார்த்தியா?” என்றார் போனைத் தூக்கிக் காட்டி. “வந்துட்டே இருக்கு. மனுஷனை நிம்மதியா டீ குடிக்க விடுறானுங்களா?”

டீயில் ஆடை படிந்திருந்தது. மனைவி அதை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். அவர் “ம்” என்றார். சிரித்தாள். அதற்கும் “ம்” என்றார். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டே தொடர்பு எல்லைக்கு அப்பால் போய்விடுகிற வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்குள் அவர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நுழைந்தார். டாக்டர் கட்டு எதுவும் போடவில்லை. பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று அவராகவே ஒரு துணியைச் சுற்றியிருந்தார்.

மேனேஜர் ஒரு பெண்மணி. வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிராளி பேச வேண்டியதாகிவிடும்.

“உட்காருங்க. கைக்கு என்ன ஆச்சு?”

“ஆபீஸ்தான் ஆச்சு மேடம்” என்று ஆரம்பித்து, சூப்பர்வைசர் விரலின் கதையை முழுக்கச் சொன்னார். சாப்பிடும்போது போன், குளிக்கும்போது போன், ஞாயிற்றுக்கிழமை போன். “எனக்கு ஒரு உதவியாளர் குடுத்தாகணும் மேடம். இல்லன்னா என் விரலுக்குக் கம்பெனி பதில் சொல்லணும்.”

“சாயங்காலத்துக்கு அப்புறம் போனுக்கு வேலையே இல்லையே? லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா அவசர நம்பர் தனியா இருக்கு. டியூட்டி மெக்கானிக் தனியா இருக்கார்.”

“அதையேதான் மேடம் நானும் சொல்றேன். வேலை இல்ல. ஆனா வருது! விடாம வருது!”

“யார் அனுப்புறாங்க?”

“யாரோ ஒருத்தர் ஆரம்பிக்கிறாங்க, எல்லாரும் போடுறாங்க. நான் ஒரு பொறுப்புல இருக்கிறவன். பதில் போடாம இருக்க முடியுமா?”

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். “மெக்கானிக்குகளும் இதே புகாரைச் சொல்றாங்க.”

“பாருங்க மேடம்! நான் ஒருத்தன் மட்டும் இல்ல!”

“அப்ப ஆரம்பிக்கிறது யாருன்னு கண்டுபிடிச்சாகணும். நீங்களே விசாரிங்களேன். யாரு, அவரை என்ன பண்ணலாம், ரெண்டையும் நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதை நான் அப்படியே செய்றேன்.”

சூப்பர்வைசருக்கு நாற்காலி இரண்டு தளம் மேலே ஏறிய மாதிரி இருந்தது. உதவியாளர் கேட்கப் போனவர் ஒரு நபர் விசாரணைக் கமிஷனாகத் திரும்பி வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமலே அறிவித்தார். “இனிமே என்னை சாதாரணமா நினைக்காத.”

“எப்பவுமே நினைச்சதில்லைங்க” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. “என்ன ஆச்சு?”

விசாரணைக் கமிஷன் விவரம் சொன்னது. மனைவி வாய்மேல் கை வைத்துக் கேட்டாள்.

“அடேங்கப்பா! அப்ப நீங்க யாரைச் சொல்றீங்களோ அவருக்குத் தண்டனையா?”

“ஆமா.”

“பாவங்க. யாரு பெத்த பிள்ளையோ. கூப்பிட்டு, இனிமே இப்படிப் பண்ணாதீங்கன்னு எச்சரிச்சு விட்டுடுங்க.”

மனைவி ஒரு பக்கம் திரும்பச் சொன்னால் மறுபக்கம் திரும்புவது சூப்பர்வைசரின் இயல்பு. அந்த வீட்டில் அது அவருக்கு மட்டும் தெரியாது. அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“எச்சரிக்கையா? என் விரலைப் பாரு! எச்சரிச்சு விடுற விரலா இது?”

“அப்ப ஒரு நாள் போனை வாங்கி வெச்சுக்குங்க.”

“ஒரு நாளா? தினமும்! சாயங்காலம் கிளம்பும்போது போனை மேனேஜர் மேஜையில வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்!”

“ஐயையோ. போன் இல்லாம வீட்டுல என்னங்க பண்ணுவாரு அந்த மனுஷன்? கை சும்மா இருக்குமா?”

“ஏன் சும்மா இருக்கணும்? பாத்திரம் கழுவட்டும்! துணி மடிக்கட்டும்!”

“வேணாங்க, ரொம்பக் கடுமையா இருக்கு. ஆம்பளை ஆளு.”

“ஆம்பளைன்னா என்ன? அவன் பொண்டாட்டி எத்தனை நாள் ஆறிப்போன டீயைச் சூடு பண்ணியிருப்பா! அதை யாரு கணக்குல எடுத்துக்கிறது?”

மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தாள். ஒரு கணம் நிஜமாகவே அவரைப் பார்த்தாள்.

“இதை அழகாச் சொன்னீங்க” என்றாள். “ஒரு வாரத்துக்கா?”

“ஒரு வாரமா! நான் அந்தக் கம்பெனியில இருக்கிற வரைக்கும்!”

“காலையில மறந்துடுவீங்க. இப்பவே மேடத்துக்கு அனுப்பிடுங்க. யார் பேரு வந்தாலும் இதுதான் தண்டனைன்னு ஒரு வரி சேர்த்துக்குங்க. இல்லன்னா நாளைக்கு உங்க சிநேகிதக்காரர் யாராவது மாட்டினா மனசு மாறிடுச்சும்பாங்க.”

சட்டம் தெரிந்த பேச்சாக இருந்தது. சூப்பர்வைசர் ஆள்காட்டி விரலால் தண்டனையை ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி அனுப்பினார். பாத்திரத்துக்குத் துணைக்கால் போட அவர் விரல் மறந்தது. மனைவி எட்டிப் பார்த்துத் திருத்தினாள்.

மேனேஜரிடமிருந்து அன்று பதில் வரவில்லை. அவர் வீட்டில் ஆபீஸ் போனைப் பார்ப்பதில்லை. மறுநாள் ஆபீஸ் திறந்த பிறகுதான் வந்தது. ‘அப்படியே செய்வோம்.’

உதிரி பாகங்கள் வைக்கும் அறையில் விசாரணை கூடியது. ஒரு பக்கம் கம்பி வடச் சுருள்கள், ஒரு பக்கம் பழைய லிஃப்ட் கதவு. நடுவில் ஒரு ஸ்டூல், எதிரில் ஒரு நாற்காலி. நாற்காலியில் சூப்பர்வைசர்.

முதலில் வந்தவர் ‘நெட்டை’ என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக். லிஃப்ட் கதவைவிட ஒரு சாண் உயரம். குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

“பயப்படாம சொல்லு. சாயங்காலத்துக்கு மேல குரூப்ல மெசேஜை ஆரம்பிக்கிறது யாரு?”

நெட்டை கம்பிச் சுருளைப் பார்த்தார். “தெரியல சார்.”

“யாரா இருந்தாலும் சொல்லு. நான் இருக்கேன்.”

“அதான் சார் யோசனையா இருக்கு.”

“உன் வீட்டுல எல்லாரும் கஷ்டப்படுறாங்களா?”

“வீட்டுலயா?” நெட்டைக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “என் பையன் பேச ஆரம்பிச்சிட்டான் சார். முதல்ல ‘அம்மா’ சொல்வான்னு அவ காத்துட்டிருந்தா. நான் ‘அப்பா’ சொல்வான்னு காத்துட்டிருந்தேன். அவன் ‘டிங்’னான் சார்.”

“டிங்கா?”

“போன் சத்தம் சார். அந்தச் சத்தம் வந்தா நான் அவனை இறக்கி விட்டுடுவேன்ல? அதனால இப்பல்லாம் நான் தூக்கினதும் அவனே ‘டிங்’னு சொல்லிட்டு இறங்கிடுறான்.”

சூப்பர்வைசர் எழுந்து நின்றுவிட்டார். “எவன்யா அவன்? ஒரு குழந்தையை அப்பன் மடியிலேருந்து இறக்கி விடுற அளவுக்கு என்ன தலைபோற காரியம் அவனுக்கு? அப்படி என்னதான் அனுப்புறான்?”

“எண்ணெய் டப்பா எடுத்து வரணும்னு சார்.”

“என்ன?”

“அப்புறம், படிச்சீங்களான்னு. அப்புறம், படிச்சவங்க பதில் போடுங்கன்னு.” நெட்டை ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார். “அப்புறம் நன்றின்னு சார்.”

பழைய லிஃப்ட் கதவில் ஒரு கண்ணாடி பதிக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு ஆள் கையில் துணி சுற்றிக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீ போகலாம்” என்றார்.

அடுத்து வந்தவர் அங்கே எல்லோரையும்விட மூத்த மெக்கானிக். வெற்று ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார். “கேட்டாச்சா? நெட்டை சொல்லிட்டானா? தப்பா எடுத்துக்காத. நீ பதில் கேக்குற, நாங்க போடுறோம். நாங்க போடுறோம்னு நீ நன்றி சொல்ற. நீ நன்றி சொன்னா நாங்க சும்மா இருக்க முடியுமா? இதுல யாரு முதல்ல நிறுத்துறது?”

“நீங்க யாராவது எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?”

“சொன்னமே. குரூப்ல போட்டோம். நீ கை தட்டுற படம் அனுப்பினே.”

மற்றவர்களைச் சூப்பர்வைசர் விசாரிக்கவில்லை. ஸ்டூலை ஓரமாக நகர்த்தி வைத்தார். கட்டைப் பிரித்து அந்தத் துணியாலேயே ஸ்டூலைத் துடைத்தார். போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருக்கு அந்த அதிர்வு நெஞ்சில் பட்டது.

மேனேஜர் அறைக்குப் போவதற்குள் மனசு நூறு தீர்ப்பு எழுதிப் பார்த்தது. சூழ்நிலைதான் காரணம். நெட்வொர்க்தான் காரணம். எண்ணெய் டப்பாதான் காரணம்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றார் மேனேஜர்.

“கண்டுபிடிச்சிட்டேன் மேடம். ஆளு... நல்ல ஆளுதான். கொஞ்சம் ஆர்வக்கோளாறு. வேலைமேல அக்கறை. எச்சரிச்சு விட்டாலே திருந்திடுவாரு.”

“எச்சரிக்கையெல்லாம் பத்தாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?”

“ஒரு வேகத்துல எழுதிட்டேன்.”

“யார் பேரு வந்தாலும் இதுதான்னு ஒரு வரி வேற இருக்கு.”

அந்த ஒரு வரி! சூப்பர்வைசருக்கு மனைவி எட்டிப் பார்த்துத் திருத்திய காட்சி கண்முன் வந்தது. இருந்தாலும் அதில் அவருக்கு ஒன்றும் புலப்படவில்லை. இப்போது அவருக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை வயசுக் குழந்தை தானாக மடியிலிருந்து இறங்கிப் போகிறது.

“நான்தான் மேடம்” என்றார்.

மேனேஜர் ஆச்சரியப்படவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தார். “ஆபீஸ் பேர்லயும் தப்பு இருக்கு. சாயங்காலம் போனை வாங்கி வெச்சிருக்கணும், வெக்கல. இனிமே எல்லார் போனும் இங்கதான் இருக்கும். ஆனா போன் குடுத்தது நாங்க. தட்டினது நீங்க.”

சூப்பர்வைசர் போனை இழுப்பறைக்குள் வைத்தார். அது உள்ளேயே ஒரு தடவை ‘டிங்’ என்றது. மேனேஜர் இழுப்பறையை மூடினார்.

“மீதித் தண்டனை என் கையில இல்ல. அதை வீட்டுல பார்த்துக்குங்க” என்றார்.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் சூப்பர்வைசர் ஒரு திட்டம் போட்டார். போனை நிறுத்துவது நியாயம், நிறுத்தியாகிவிட்டது. ஆனால் பாத்திரம்? துணி? அதெல்லாம் கோபத்தில் சொன்னது. வீட்டுக்குத் தெரிந்தால்தானே? போன் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போச்சு. விசாரணை இன்னும் நடக்கிறது என்று சேர்த்துக்கொள்ளலாம். கமிஷன் என்றால் வருஷக்கணக்கில் நடப்பதுதானே.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். “போன் ரிப்பேரு. ஆபீஸ்ல வெச்சிட்டு வந்திருக்கேன்.”

“அப்படிங்களா?” என்றாள் மனைவி. வெளியே கிளம்புகிற மாதிரி தலை சீவியிருந்தாள். “வெந்நீர் போட்டு வெச்சிருக்கேன். விரலை முக்கணும்ல.”

அந்த அக்கறையில் நெகிழ்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சமையலறைக்குள் போனார். தொட்டியில் வெந்நீர் ஆவி பறந்தது. அதற்குள் காலையிலிருந்து சேர்ந்த பாத்திரங்கள் மொத்தமும் முக்கி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் சோப்பு. அந்தப் பக்க நாற்காலியில் மடிக்காத துணி, கூரையைத் தொடுகிற மாதிரி.

“இது என்ன?”

“உங்க தீர்ப்புங்க.”

“அது... விசாரணை இன்னும் முடியல.”

“முடிஞ்சிடுச்சே. நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே. ரொம்பப் பெருமையா இருந்துச்சுங்க, கேட்டதும்.” கிண்டல் இல்லை. நிஜமாகவே பெருமையாகத்தான் சொன்னாள். அதனால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

“உனக்கு யாரு சொன்னது?”

வாசலில் ஹாரன் அடித்தது. சூப்பர்வைசர் சன்னலுக்குப் போனார். மனைவி மத்தியானமே கொண்டுவந்து நிறுத்தியிருந்த டிரைவிங் ஸ்கூல் கார்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருந்தவர் மேனேஜர். இவரைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்து ஆட்ட நினைத்து, பயந்து, மறுபடி ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

“அவங்க... உன்கிட்டயா கத்துக்கிறாங்க?”

“ஆமாங்க. இன்னிக்கு முதல் தடவையா மெயின் ரோடு.”

“எப்பலேருந்து?”

“அவங்க உங்க ஆபீஸுக்கு வந்ததிலேருந்து. கியர் மாத்தும்போதெல்லாம் உங்களைப் பத்தித்தான் புலம்புவாங்க. மனுஷர் நல்லவரு, போனைத்தான் கீழ வெக்க மாட்டேங்கிறாருன்னு.”

“ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” சூப்பர்வைசரின் குரல் உடைந்தது. “புருஷன்கிட்ட மறைக்கிற விஷயமா இது?”

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் திரும்பி நின்றாள்.

“மறைக்கலையே. அவங்க கத்துக்க வந்த அன்னிக்கே டீ குடிக்கும்போது சொன்னேன். நீங்கதான் போனைப் பார்த்துக்கிட்டே, ‘நல்லா சொல்லிக் குடு, என்னிக்காவது நமக்கு உதவுவாங்க’ன்னீங்க.”